வளர்த்தவருக்கு மன்னிப்பு, பிடித்தவருக்கு வழக்கு

மாசி சடையன், வடிவேல் கோபால். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். 2023-ல் இவர்களுக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது இரண்டு பெயரும் ஒரு வாரம் வாட்ஸ்அப்பில் ஓடின. "அமெரிக்காவுக்கே போய்ப் பாம்பு பிடித்த தமிழர்கள்" என்று பெருமைப்பட்டவர்களில், தன் வீட்டுத் திண்ணையில் ஓர் இருளரை உட்கார வைக்காதவர்களும் இருந்தார்கள். இருக்கட்டும். விருது கிடைத்ததில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஒரு வாரத்தில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அமெரிக்கச் சதுப்பு நிலத்துக்குப் பர்மியப் பாம்பு எப்படிப் போனது? கொண்டுபோய் விட்டவர் யார்? அவருக்கு என்ன ஆயிற்று?

பதில்: ஒன்றும் ஆகவில்லை.

தோழர்களே, "இது சூழலியல்காரர்கள் பேச வேண்டிய விஷயம், நமக்கெதற்கு" என்று நகர்ந்துவிடாதீர்கள். ஒருவர் ஆசைக்கு வாங்குகிறார், அலுத்ததும் வெளியே விடுகிறார், அதை இன்னொருவர் இறங்கி அள்ளுகிறார். இந்தக் கதை நமக்குப் புதிதா என்ன? பாத்திரங்கள் மட்டும்தான் புதிது.

ஃபுளோரிடாவின் தெற்கே எவர்கிளேட்ஸ் என்று பரந்த சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே பர்மிய மலைப்பாம்பு முதன்முதலில் பதிவானது 1979-ல். தென்கிழக்கு ஆசியாவின் பாம்பு பசிபிக் பெருங்கடலை நீந்திக் கடக்கவில்லை. செல்லப்பிராணிக் கடைகள் வழியாக வந்தது. 1996-க்கும் 2006-க்கும் இடையில் மட்டும் 90,000-க்கும் மேற்பட்ட பர்மிய மலைப்பாம்புகளை அமெரிக்கா இறக்குமதி செய்தது. கடையில் வாங்கும்போது முழங்கை நீளம். கண்ணாடிப் பெட்டியில் சுருண்டு கிடக்கும், வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படலாம். ஒரே ஆண்டில் எட்டு அடியைத் தாண்டிவிடும். அப்புறம் எலி போதாது, முயல் கேட்கும். பெட்டி போதாது, அறை கேட்கும். பூங்காவோ காப்பகமோ ஏற்றுக்கொள்ளாது. ராத்திரியில் காரில் ஏற்றிக்கொண்டு போய் நெடுஞ்சாலை ஓரத்து வாய்க்காலில் விட்டால் முடிந்தது வேலை. கேட்பதற்கு ஆளில்லை.

அந்த வாய்க்காலில் என்ன நடந்தது என்பதை 2012-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்காக இரவுகளில் சாலையில் வண்டி ஓட்டி, கண்ணில் படும் விலங்குகளை எண்ணினார்கள். பாம்பு பெருகுவதற்கு முந்தைய கணக்கோடு ஒப்பிட்டால் ரக்கூன் 99.3 சதவீதம் குறைந்திருந்தது. ஒபோசம் 98.9 சதவீதம். பாப்கேட் என்ற காட்டுப்பூனை 87.5 சதவீதம். சதுப்பு முயலும் நரியும் கண்ணிலேயே படவில்லை. பாம்போடு வந்த நுரையீரல் ஒட்டுண்ணி இப்போது அந்த மண்ணின் பாம்புகளுக்கும் பரவியிருக்கிறது. 2000-க்குப் பிறகு 20,000-க்கும் அதிகமான மலைப்பாம்புகளைப் பிடித்தும் தீரவில்லை. பாம்பு இருக்கும் இடத்திலேயே ஒருவர் நடந்துபோனாலும் அது கண்ணில் படும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை என்கிறார்கள்.

பழி யார்மீது விழுந்தது தெரியுமா? புயல்மீது.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அடித்தது. பாம்புகளை இனப்பெருக்கம் செய்த ஒரு பண்ணை அதில் நொறுங்கியது. உள்ளே இருந்த பாம்புகள் சதுப்பு நிலத்துக்குப் போய்விட்டன, அதனால்தான் எல்லாம் வந்தது என்று ஒரு கதை இன்றுவரை சொல்லப்படுகிறது. அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு 13 ஆண்டுகள் முன்பே அங்கே பாம்பு பதிவாகியிருக்கிறதே! புயலைக் கூண்டில் ஏற்ற முடியாது, அபராதம் போட முடியாது. அதனால்தான் பெரிய மனிதர்களுக்குப் புயலை மிகவும் பிடிக்கும். ஏரியைப் பட்டா போட்டுவிட்டு வெள்ளம் வந்ததும் "நூறாண்டு காணாத மழை" என்று சொல்வதை நாம் கேட்டதில்லையா?

சட்டம் என்ன செய்தது என்று பாருங்கள். இந்தப் பாம்புகளின் இறக்குமதியைத் தடை செய்யச் சொல்லி தெற்கு ஃபுளோரிடாவின் நீர் மேலாண்மை வாரியம் 2006-லேயே மனு கொடுத்தது. தடை வந்தது 2012 ஜனவரியில். ஆபத்தானவை என்று முதலில் முன்மொழியப்பட்டவை ஒன்பது இனங்கள். அந்த ஆண்டு பட்டியலில் ஏறியவை நான்கு. 2015-ல் இன்னும் நான்கு. போவா மட்டும் விடுபட்டது. கடைகளில் அதிகம் விற்பது எதுவோ அதற்குத்தான் விலக்கு. இதற்கும் மேலே, ஊர்வன வளர்ப்போர் சங்கம் நீதிமன்றம் போனது. இறக்குமதியைத் தடுக்கலாம், ஆனால் அமெரிக்கப் பெருநிலத்தில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோவதை இந்தச் சட்டத்தால் தடுக்க முடியாது என்று 2017 ஏப்ரலில் தீர்ப்பு வாங்கிவிட்டது.

அந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே 2017-ன் ஜனவரியில்தான் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஃபுளோரிடாவில் இறங்கினார்கள். வணிகர்களின் வழக்கறிஞர்கள் வாஷிங்டனில் வாதாடி முடித்துத் தீர்ப்புக்குக் காத்திருந்த நேரத்தில், நம்மூர் இருளர் இருவர் முட்புதரில் இறங்கி, அந்த வணிகம் கொட்டிய குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எப்படி அள்ளினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பேசுகிறவர்கள் குறைவு. 2016-ல் ஃபுளோரிடா அரசு ஒரு போட்டி நடத்தியது. சுமார் ஆயிரம் பேர், ஒரு மாதம், 106 பாம்பு. அதற்கு முன் 2013-ல் நடத்திய போட்டியில் ஏறக்குறைய 1,600 பேர் சேர்ந்து பிடித்தது 68. இருளர் இருவரும் முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே 13 பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள். கீ லார்கோ தீவில், கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டில் பிடித்த ஒரு பெண் பாம்பு மட்டும் 16 அடி. அமெரிக்க வேட்டைக்காரர்கள் கரைமேட்டுச் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டி, வெயில் காய வெளியே வரும் பாம்பைத் தேடுவார்கள். இவர்கள் வண்டியை விட்டு இறங்கி அடர்ந்த புதருக்குள் போனார்கள். தடம், எச்சம், சட்டை, பொந்தின் வாய். பாம்பைத் தேடுவதற்கு முன் பாம்பு இருந்ததற்கான அடையாளத்தைத் தேடினார்கள். மொழி தெரியாத ஊர், முன்பின் பார்க்காத நிலம், சில நாளில் படித்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் ஒருவர் இதைச் செய்தால் களஆய்வு முறை என்போம், முனைவர் பட்டம் கொடுப்போம். இருளர் செய்தால்? "அவங்க ரத்தத்துலயே ஊறினது சார்."

இந்தச் சொல்லைக் கேட்டால் நமக்கு உடனே உடம்பு எரிய வேண்டும். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தின் சாரமே இதுதான். அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அந்த நினைப்பு போகவில்லை, பாராட்டு வேடம் போட்டுக்கொண்டு திரிகிறது. மலக்குழியில் இறங்குகிறவரிடம் "உங்களுக்குப் பழக்கம்தானே" என்பதும் இருளரிடம் "உங்க ரத்தத்துல இருக்கு" என்பதும் ஒரே வாய்தான். ரத்தத்தில் ஊறியது என்று சொல்லிவிட்டால் கற்றுக்கொண்ட அறிவுக்கு மரியாதை தர வேண்டாம். பிறவிக் குணத்துக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

இருவரின் பயணத்துக்கும் உடன்போன மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சேர்த்து ஃபுளோரிடா ஒதுக்கியது 68,888 டாலர். அந்த எண்ணைச் செய்திகள் திரும்பத் திரும்ப எழுதின. 90,000 பாம்புகளை விற்றதில் வந்த லாபம் எவ்வளவு என்று எந்தத் தலைப்புச் செய்தியும் நம் கண்ணில் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். எவர்கிளேட்ஸ் யாருமில்லாத காடு அல்ல. மிக்கசூக்கி என்ற பழங்குடி மக்களின் நிலம் அது. 1947-ல் தேசியப் பூங்கா வந்தது. அந்த மக்களை ஒரு பழங்குடியாக அமெரிக்க அரசு அங்கீகரித்ததோ 1962-ல்தான். நிலத்துக்கு வேலி போட வந்த அவசரம் மனிதரை அங்கீகரிக்க வரவில்லை. மலைப்பாம்பைக் கொண்டுவந்தவர்கள் மிக்கசூக்கிகளும் அல்ல, இருளர்களும் அல்ல. இழப்பு ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு, வியாபாரம் மூன்றாமவருக்கு.

சரி, அமெரிக்காவை விடுங்கள். நம்மூரில் என்ன நடக்கிறது?

சென்னை விமான நிலையத்துச் செய்திகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். பாங்காக்கிலிருந்து வரும் பெட்டிகளில் பாம்பு, ஆமை, குரங்கு. 2023 ஜனவரியில் யாரும் உரிமை கோராத பைகளில் 45 பால் பைத்தான், 8 கார்ன் ஸ்நேக், 3 மார்மோசெட் குரங்கு, 3 நட்சத்திர ஆமை இருந்தன. செய்தித்தாள்கள் வழக்கம்போல "அரிய வகை" என்று எழுதும். பால் பைத்தான் அரிய வகை அல்ல தோழர்களே; பண்ணைகளில் நிறம் நிறமாகப் பெருக்கி விற்கும் சரக்கு. (பெயரில் உள்ளது குடிக்கும் பால் அல்ல, பந்து. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் அப்பாவி ஜீவன்.) பெட்டியோடு ஆள் சிக்கினாலும், சிக்குவது பெரும்பாலும் "குருவி". கூலிக்குப் பெட்டி தூக்குகிறவர். பண்ணை வீட்டில் கண்ணாடிப் பெட்டியோடு காத்திருக்கும் முதலாளியின் படம் செய்தியில் வருவதில்லை.

ஏனென்றால் அவருக்கு வேறு வழி இருக்கிறது. 2020 ஜூனில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. வெளிநாட்டு அரிய உயிரினங்களை வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து அறிவித்துவிட்டால் போதும், எங்கிருந்து வாங்கினாய், ஆவணம் எங்கே என்று கேட்க மாட்டோம் என்றது. ஊரடங்கு காலம். நம் மக்கள் ஊர் திரும்ப நெடுஞ்சாலையில் நடந்து, இ-பாஸ் இல்லை என்று அடி வாங்கிய ஆண்டு அது. அதே ஆண்டில் மக்காவ் கிளி வைத்திருப்பவருக்கும் இகுவானா வைத்திருப்பவருக்கும் அரசு சொன்னது: காகிதம் வேண்டாம்.

பிறகு 2022-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களுக்கென்று தனி அட்டவணை சேர்ந்தது. 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், அதற்கும் ஆறு மாத அவகாசம். ஒன்றுமே இல்லாததற்கு இது மேல், மறுக்கவில்லை. பதிவு இருந்தால்தான் நாளைக்குக் குளத்தில் கிடக்கும் விலங்கு யாருடையது என்று கேட்கவாவது முடியும். ஆனால் அந்தச் சட்டத்தின் தொனியைக் கவனியுங்கள். அவகாசம், அறிவிப்பு, இணையதளம், விண்ணப்பம். எவ்வளவு பொறுமை! எவ்வளவு மரியாதை!

இப்போது இதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தைப் புரட்டுங்கள். உடும்பு. அட்டவணை ஒன்றில் இருக்கும் விலங்கு. வேட்டையாடினால் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு சிறை, ஏழு ஆண்டுவரை போகலாம். உடும்புக் கறிக்காக ஓர் இருளரோ நரிக்குறவரோ பிடிபட்டால் இணையதளம் கிடையாது, ஆறு மாத அவகாசம் கிடையாது. இகுவானாவும் பல்லிதான், உடும்பும் பல்லிதான். ஒன்று தென் அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி வந்து குளிரூட்டிய அறையில் கீரை தின்கிறது. இன்னொன்று நம் வரப்பில் ஓடுகிறது. முதலாவதை வைத்திருப்பவர் "ஆர்வலர்". இரண்டாவதைப் பிடித்தவர் குற்றவாளி.

உடும்பு வேட்டையைத் தாராளமாக விடச் சொல்கிறோம் என்று யாரும் திரிக்க வேண்டாம். உடும்பு காக்கப்பட வேண்டும். நாம் கேட்பது வேறு. பசிக்குப் பிடித்தவரிடம் மூன்று ஆண்டு கேட்கும் சட்டத்துக்கு, பகட்டுக்குக் கடத்தியவரிடம் ஒரு ரசீது கேட்கக்கூட நா எழவில்லையே, ஏன்?

இருளரும் காகிதமும் என்பது தனிக்கதை. சாதிச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, விசாரணை என்ற பெயரில் "நீ இருளர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்" என்று கேட்கப்படும் மாணவர்கள் நம்மில் எத்தனை பேருக்கு நண்பர்கள்! சான்றிதழ் இல்லாமல் பத்தாம் வகுப்போடு, பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்களையும் நமக்குத் தெரியும். பாட்டன் காலத்திலிருந்து அதே ஏரிக்கரையில் குடியிருப்பவருக்குப் பட்டா இல்லை. ஊரில் எங்கே திருட்டுப் போனாலும் முதலில் தட்டப்படும் கதவு அவருடையது. காகிதம் இல்லாததால் இவருக்கு வாழ்க்கை இல்லை. காகிதம் இல்லாத பாம்புக்கோ அரசே காகிதம் எழுதிக் கொடுக்கிறது.

வரலாற்றில் கொஞ்சம் பின்னே போக வேண்டும். ஒரு காலத்தில் பாம்புத் தோல் இங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனது. கைப்பை, செருப்பு, இடைவார். பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள், கிடைத்தது சில்லறை. 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. தடை சரிதான். ஆனால் தோல் வியாபாரிகள் வேறு வியாபாரத்துக்குப் போனார்கள், இருளர்கள் பட்டினிக்குப் போனார்கள். அதன்பிறகுதான், 1978-ல், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ரோமுலஸ் விட்டேகர் உதவினார், அதை நன்றியோடு சொல்வோம். சங்கம் செய்யும் வேலை இதுதான்: நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, நஞ்சை எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுவது. பாம்பு சாவதில்லை. பாம்புக்கடிக்கு ஊசி போடுகிறார்களே, அந்த மருந்து செய்ய நாடு முழுவதும் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்து போவது.

2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. யார் இவர்கள்? பெரும்பாலும் கிராமத்தில் இருப்பவர்கள். மழைக்காலத்தில் நடவு வயலில் வெறுங்காலோடு நிற்பவர்கள், கரும்பு வெட்டுபவர்கள், தரையில் படுத்துத் தூங்குபவர்கள். அதாவது நம் அம்மாக்களும் அப்பாக்களும். இருளர் எடுத்த நஞ்சு சேரியின் உயிரைக் காப்பாற்றுகிறது. "இருளர் பழங்குடி, நீங்கள் தலித், உங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுவே போதும். போதாது என்றால், செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாக மீட்கப்பட்டவர்களின் பட்டியலை எடுத்துப் படியுங்கள். அட்டவணைதான் வேறு, சூளை ஒன்று.

இந்தச் சங்கம் ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதிதான் தீர்மானிக்கிறது. அனுமதி வரும்வரை கை கட்டி உட்கார வேண்டும். தாமதமானால் அந்த மாதம் அடுப்பு எரியாது. கணக்குக் கேட்பதில் தவறில்லை. உயிரைக் காப்பாற்றும் வேலைக்கு இவ்வளவு கணக்கு கேட்கும் துறை, மாடியில் கண்ணாடிப் பெட்டி அடுக்கி பால் பைத்தான் பெருக்கும் வீட்டுக்குப் போய் எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறது?

"நம்மூரில் இன்னும் அப்படியெல்லாம் பரவவில்லையே, ஏன் பூதம் காட்டுகிறீர்கள்?" என்று கேட்கலாம். சிவப்புக்காது ஆமையைக் கேளுங்கள். அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்து ஆமை. மீன்தொட்டிக் கடைகளில் ரூபாய் நாணயம் அளவுக் குஞ்சாக, அதிர்ஷ்ட ஆமை என்று விற்றார்கள். வளர்ந்து தட்டு அளவு ஆனதும் அதிர்ஷ்டம் அலுத்துவிடும், குளத்தில் விட்டுவிடுவார்கள், புண்ணியம் என்ற நினைப்போடு. கேரளத்தில் திருச்சூர் அருகே கால்வாயில் பிடிபட்டது. குவாஹாத்தி உக்ரதாரா கோயில் குளத்தில் இருக்கிறது. உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களில் ஒன்றாக வல்லுநர்கள் வைத்திருக்கும் ஆமை இது. பச்சை இகுவானாவோ சிங்கப்பூரிலும் தைவானிலும் ஏற்கெனவே காட்டில் குடும்பம் நடத்துகிறது. அந்த ஊர் வெயிலும் மழையும் நமக்கு ரொம்பத் தூரமில்லை.

2015 வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு வதந்தி ஓடியது நினைவிருக்கிறதா? பண்ணை உடனே மறுத்தது. அது பொது நிறுவனம், எத்தனை விலங்கு என்று கணக்கு இருக்கிறது, பதில் சொல்லக் கடமை இருக்கிறது. தனியார் மாடிக்கு யார் பதில் சொல்வார்? அடுத்த வெள்ளத்தில் ஒரு பண்ணை வீட்டுச் சுவர் விழுந்தால், உள்ளே இருந்தது தண்ணீரோடு பள்ளத்துக்குத்தான் வரும். பள்ளத்தில் குடியிருப்பது யார் என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அப்போது கூப்பிடப்படப்போவதும் ஓர் இருளர்தான். கையுறை கொடுக்க மாட்டார்கள். வேலை முடிந்ததும் ஐம்பதோ நூறோ கொடுத்து, ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கை நமக்கும் வேண்டும். இந்த விவகாரத்தில் "அந்நிய இனம்", "ஊடுருவல்", "மண்ணின் தூய்மை" என்ற சொற்கள் சுலபமாக வாயில் வரும். தூய்மை என்ற சொல் நம்மை என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். பாம்பு குற்றவாளி அல்ல. அது டிக்கெட் எடுத்து வரவில்லை. அதைப் பிடித்துப் பெட்டியில் அடைத்தவர்கள் மனிதர்கள், விற்றவர்கள், வாங்கியவர்கள், விட்டவர்கள் எல்லோரும் மனிதர்கள். ஃபுளோரிடாவில் பிடிபடும் மலைப்பாம்புகளைப் பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். பர்மாவில் அது தன் காட்டில் இருந்திருந்தால் அந்தச் சாவும் இல்லை. நம்மூர் நட்சத்திர ஆமையும் இதே சந்தையில் வெளிநாட்டுக்குப் போகிறது. நமக்கு வரப்பு ஓரத்து ஆமை, அங்கே அது "அரிய வகை". பொறுக்கிக் கொடுப்பவருக்குச் சில ரூபாய், சிறையும் அவருக்கே.

ஆகவே நம் கோரிக்கை சுருக்கமானது. கடத்தி விற்றவரும் வாங்கியவரும் பிடிக்கும் செலவைக் கொடுக்க வேண்டும். பதிவு செய்த ஒவ்வொரு விலங்குக்கும் ஆண்டுதோறும் நேரடிச் சரிபார்ப்பு வேண்டும். அந்தச் சரிபார்ப்பிலும் மீட்பிலும் இருளர்களை நிரந்தரப் பணியில், நிபுணர் என்ற பெயரில், நிபுணருக்கான சம்பளத்தில் அமர்த்த வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தின் அனுமதி குறித்த தேதியில் வர வேண்டும். இருளர் பிள்ளை வேதியியல் படிக்க விரும்பினால் படிக்க வேண்டும், பாம்பு பிடிக்கத்தான் வேண்டும் என்றில்லை. அதற்கு முதலில் அந்தச் சான்றிதழ்.

மாணவர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று கையில் இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 2024 விதிகளின்படி தமிழ்நாட்டில் எத்தனை பேர், மாவட்ட வாரியாக, எத்தனை ஊர்வனவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள்? அதில் எத்தனை வீடுகளை அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள்? தப்பியதாக, செத்ததாக எத்தனை அறிவிப்புகள் வந்தன? பதிவு செய்யாதவர்கள்மீது எத்தனை வழக்குகள்? கடைசிக் கேள்வியாக இதையும் சேருங்கள்: அதே காலத்தில் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் கைதானவர்களில் பழங்குடியினர் எத்தனை பேர்? பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு எழுதுங்கள், வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மாவட்டம் மாவட்டமாக வரிசையாய் வெளியிடுவோம்.